கோர்ட்டுக்கு வெளியே தீர்வு: ஆர்பிட்ரேஷன் வக்கீலைப் பிடிக்கும் முன்
வாசகர் கேள்வி – பதில்

ஆர்பிட்ரேஷன் எனப்படும் நடுவர் தீர்ப்பு முறை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பதில்களில் வரும் பிரிவு எண்கள், வேறு சட்டம் என்று சொல்லாத இடங்களில், 1996ஆம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் மற்றும் சமரசச் சட்டத்தைக் குறிக்கும். உங்கள் ஒப்பந்தப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: நானும் என் மைத்துனரும் கூட்டாகச் சாயப்பட்டறை நடத்துகிறோம். இரண்டு வருடமாக அவர் கணக்குக் காட்டவில்லை. எனக்கு வரவேண்டியது 40 லட்சம் இருக்கும். பார்ட்னர்ஷிப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், 'தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன் மூலம் தீர்த்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் குடும்ப வக்கீல் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்கிறார். ஆர்பிட்ரேஷனுக்குத் தனி வக்கீல் வேண்டுமா? எப்படிப் பார்த்துப் பிடிப்பது?
– வாசகர், திருப்பூர்

பதில்: அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கு எங்கே நடக்கும் என்பதை முடிவு செய்கிறது. நீங்கள் கோர்ட்டில் வழக்குப் போட்டால், உங்கள் மைத்துனர் தன் முதல் பதிலுரையைத் தாக்கல் செய்வதற்குள் பத்திரத்தின் அசலையோ சான்றிட்ட நகலையோ வைத்து 8ஆவது பிரிவின் கீழ் ஒரு மனு கொடுத்தால் போதும். கோர்ட் உங்களை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பிவிடும். அதுவரை ஓடிய மாதங்கள் வீண். 'மோசடி என்று எழுதிவிட்டால் கோர்ட்டிலேயே நடக்கும்' என்று சிலர் யோசனை சொல்வார்கள். திருநெல்வேலியில் ஹோட்டல் நடத்திய அண்ணன் தம்பிகளுக்குள் வந்த வழக்கில் இதே வாதம் வைக்கப்பட்டது. கீழ்க் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றன. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுகளை ரத்து செய்து, கணக்கில் பணத்தை எடுத்தார் என்கிற அளவிலான குற்றச்சாட்டை நடுவரே விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டது.

தனி வக்கீல் வேண்டுமா என்றால், ஆர்பிட்ரேஷன் நடத்திப் பழகியவர் வேண்டும். 'ஆர்பிட்ரேஷன் வக்கீல்' என்று பார் கவுன்சில் தனிப் பட்டம் எதுவும் தருவதில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யவும் தடை இருப்பதால், பெயர்ப் பலகையையோ இணையத்தையோ பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் ஆடிட்டர், தொழில் சங்கம், இதே போன்ற தகராறை முடித்துக்கொண்டவர்கள் ஆகியோரிடம் விசாரித்து இரண்டு மூன்று பேரை நேரில் பாருங்கள். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

முதல் சந்திப்பிலேயே சிலவற்றை நேராகக் கேட்டுவிடுங்கள். நடுவர் முன் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறாரா? நடுவரை நியமிக்கக் கோரி 11ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறாரா? தீர்ப்பை எதிர்க்கும் 34ஆவது பிரிவு மனுவை ஏதாவது ஒரு பக்கத்துக்காவது நடத்தியிருக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எடை அதிகம். தீர்ப்புகள் எதனால் ரத்தாகின்றன என்று பார்த்தவர், ஆரம்பத்திலிருந்தே அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டு போவார். விசாரணை நாளில் அவரே வருவாரா, ஜூனியரை அனுப்புவாரா என்பதையும் கேளுங்கள். 'கட்டாயம் ஜெயிப்போம்' என்றோ, 'நடுவராக நம்ம ஆளைப் போட்டுவிடலாம்' என்றோ சொல்பவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். 'நம்ம ஆள்' கொடுக்கும் தீர்ப்பு ரத்தாகும்; செலவெல்லாம் உங்கள் தலையில் விழும்.

குடும்ப வக்கீலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பார்ட்னர்ஷிப் பத்திரத்தை இருவருக்குமாக எழுதிக் கொடுத்தவர் அவர்தான் என்றால், இந்த வழக்கை அவரிடம் கொடுக்காதீர்கள். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். அவரையே சாட்சிக் கூண்டுக்கு அழைக்கவும் கூடும்.

வக்கீலிடம் போகும்போது பார்ட்னர்ஷிப் பத்திரத்தையும் அதில் பின்னால் செய்த திருத்தங்களையும், பதிவாளரிடம் பதிவு செய்த சான்றையும், மூன்று ஆண்டு ஐந்தொகையையும், வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குகளையும், பட்டறையின் வங்கிக் கணக்கு விவரங்களையும் எடுத்துச் செல்லுங்கள். வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பினால் எதிர்த்தரப்பு அதை மறுக்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. எது எந்தத் தேதியில் நடந்தது என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு போனால் வக்கீலின் நேரம் பாதி மிச்சம்.

அடுத்தது நோட்டீஸ். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். '15 நாளில் பணம் தராவிட்டால் சட்டப்படி நடவடிக்கை' என்று எழுதுவது வெறும் பணம் கேட்கும் நோட்டீஸ். 21ஆவது பிரிவின்படி, தகராறை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பக் கோரும் நோட்டீஸ் எதிர்த்தரப்பின் கைக்குக் கிடைத்த நாளில்தான் ஆர்பிட்ரேஷன் தொடங்குகிறது. காலக்கெடுவும் அந்த நாளை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே நோட்டீஸில் இப்படி ஒரு பத்தி இருக்க வேண்டும்: 'பத்திரத்தின் இன்ன பத்தியின்படி இந்தத் தகராறை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பக் கோருகிறேன். தனி நடுவராக இன்னாரை முன்மொழிகிறேன். இது கிடைத்த 30 நாளுக்குள் உங்கள் சம்மதத்தைத் தெரிவிக்கவும்.' ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை வாங்கி வையுங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். பத்திரத்தில் 'முதலில் 30 நாள் பேசித் தீர்க்க வேண்டும்' என்று இருந்தால், அப்படிப் பேச அழைத்ததற்கும் ஒரு கடிதம் சாட்சியாக இருக்க வேண்டும்.

பொதுவாகக் காலக்கெடு 3 ஆண்டு. கலைந்துபோன பார்ட்னர்ஷிப்பில் கணக்குக் கேட்க, கலைந்த நாளிலிருந்து 3 ஆண்டு. உங்கள் பட்டறை இன்னும் கலையவில்லை. எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாத பார்ட்னர்ஷிப்பாக இருந்தால், ஒருவர் நோட்டீஸ் கொடுத்தே கலைக்க முடியும். கலைப்பு நோட்டீஸையும் ஆர்பிட்ரேஷன் நோட்டீஸையும் சேர்த்துக் கொடுப்பதா, தனித்தனியாகவா என்பது வக்கீல் உங்கள் பத்திரத்தைப் படித்துவிட்டு எடுக்க வேண்டிய முடிவு. அதைப் பற்றிப் பேசாமலே நோட்டீஸ் எழுத உட்காருகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நடுவராக யாரை முன்மொழிவது? கணக்குத் தகராறு என்பதால் பட்டயக் கணக்காளர் ஒருவரையோ ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியையோ யோசிக்கலாம். பட்டறையின் ஆடிட்டர் வேண்டாம். ஒரு தரப்போடு தொழில் தொடர்பு உள்ளவர் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி நடுவராக இருக்கத் தகுதி இல்லாதவர். நியமிக்கப்படுகிறவர் யாராக இருந்தாலும் ஆறாம் அட்டவணைப் படிவத்தில் தன் தொடர்புகளையும், கையில் உள்ள மற்ற ஆர்பிட்ரேஷன்களின் எண்ணிக்கையையும் எழுதித் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். 30 நாளில் மைத்துனர் பதில் தராவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் 11ஆவது பிரிவு மனு. அந்தக் கட்டத்தில் கோர்ட் முக்கியமாகப் பார்ப்பது, ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைத்தான்.

இதற்கிடையில் இயந்திரங்களை விற்றுவிடுவார், வங்கிப் பணத்தை எடுத்துவிடுவார் என்ற பயம் இருந்தால், நடுவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 9ஆவது பிரிவில் கோர்ட்டிடம் இடைக்காலத் தடை கேட்கலாம். தடை கிடைத்த 90 நாளுக்குள் ஆர்பிட்ரேஷனைத் தொடங்கிவிட வேண்டும். தடை கிடைத்த நிம்மதியில் இதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

எவ்வளவு காலம் ஆகும் என்றால், நடுவருக்கு நியமனம் தெரிந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இரு தரப்பு மனுக்களும் முடிய வேண்டும். அதன்பின் 12 மாதத்தில் தீர்ப்பு. இருவரும் சம்மதித்தால் இன்னும் 6 மாதம் நீட்டலாம். அதற்கும் மேல் என்றால் கோர்ட்தான் நீட்டித்துத் தர வேண்டும்.

கேள்வி: ஆர்பிட்ரேஷன் என்றால் பணக்காரர்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும் என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு செலவாகும்? ஒரு வக்கீல், 'இப்போது ஒன்றும் வேண்டாம், வரும் பணத்தில் 10 சதவீதம் கொடுங்கள்' என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூடாது. வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. விதியை மீறத் தயங்காதவர் உங்கள் விஷயத்தில் மட்டும் ஒழுங்காக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

நடுவரின் கட்டணத்துக்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணை ஒரு மாதிரி அளவு தருகிறது. 5 லட்சம் வரையிலான தகராறுக்கு 45,000 ரூபாய். 5 முதல் 20 லட்சம் வரை, 45,000த்தோடு 5 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 3.5 சதவீதம். 20 லட்சம் முதல் 1 கோடி வரை, 97,500த்தோடு 20 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 3 சதவீதம். ஒரே நடுவர் என்றால் மொத்தத்தில் 25 சதவீதம் கூடும். முந்தைய கேள்வியில் வந்த 40 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். 97,500 + 60,000 = 1,57,500. அதில் 25 சதவீதம் 39,375. ஆக 1,96,875 ரூபாய். வழக்கமாக இரு தரப்பும் பாதிப் பாதி கட்டுவார்கள் என்பதால் உங்கள் பங்கு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இதே 40 லட்சத்துக்குத் தமிழ்நாட்டில் சிவில் வழக்குப் போட்டால் 3 சதவீதக் கோர்ட் கட்டணமே 1,20,000 ரூபாய்.

இந்த அட்டவணை தானாக எல்லோரையும் கட்டுப்படுத்தாது. இரு தரப்பும் நடுவரும் ஒத்துக்கொண்ட தொகைதான் செல்லும். நடுவர் தன் கட்டணத்தைத் தானாக நிர்ணயித்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. எனவே முதல் அமர்விலேயே கட்டணத்தை எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு தன் பாதியைக் கட்டாமல் இழுத்தடிப்பதும் உண்டு. அப்போது அந்தப் பாதியையும் நீங்களே கட்டி நடத்திவிட்டு, கடைசியில் செலவுத் தொகையில் கேட்டு வாங்கலாம். கட்டாவிட்டால் விசாரணை நின்றுபோகும். இதற்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். விசாரணைக் கூடத்துக்கான வாடகை, சுருக்கெழுத்தர் செலவு, தொழில் நிறுவனமாக இருந்தால் நடுவர் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி ஆகியவை தனி.

வக்கீல் கட்டணத்தை மூன்று விதமாகப் பேசுகிறார்கள்: மொத்தமாக, அமர்வுக்கு இவ்வளவு என்று, மணிக்கணக்கில். அமர்வுக் கணக்கில் பேசினால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பணம் போகும். கட்டம் கட்டமாகப் பிரித்த மொத்தத் தொகைதான் சாதாரணத் தொழில்காரர்களுக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. நோட்டீஸுக்கு இவ்வளவு, உயர் நீதிமன்ற மனுவுக்கு இவ்வளவு, கோரிக்கை மனுவுக்கு, சாட்சிக்கு, இறுதி வாதத்துக்கு என்று பிரித்து, 34ஆவது பிரிவு மனு வந்தால் அது தனி என்பதையும் எழுதி வாங்குங்கள். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், எழுத்தில் உள்ளதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். 31ஏ பிரிவின்படி, தோற்றவரிடமிருந்து வக்கீல் கட்டணத்தையும் சேர்த்து வாங்கித் தர நடுவரால் முடியும்.

தகராறு 2, 3 லட்சம்தான் என்றால் ஆர்பிட்ரேஷன் வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை. அங்கே எழுதும் சமரசத்தின் மேல் அப்பீலும் இல்லை.

கேள்வி: கார் கடனில் ஐந்து தவணை நின்றுவிட்டது. சென்னையிலிருந்து ஒருவர், 'ஃபைனான்ஸ் கம்பெனி என்னை ஆர்பிட்ரேட்டராக நியமித்திருக்கிறது, வீடியோவில் விசாரணை' என்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நான் பதில் போடாமல் விட்டால் என்ன ஆகும்?
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நீங்கள் வராவிட்டாலும் விசாரணை நடக்கும். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்புக்குக் கோர்ட் டிக்ரியின் (தீர்ப்பாணை) பலம் உண்டு. அதை வைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கோர்ட்டிலேயே வங்கிக் கணக்கை முடக்க மனு போடலாம்.

உங்கள் பக்கம் ஒரு வலுவான சட்டப் பாயிண்ட் இருக்கிறது. தகராறில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு தரப்பே தனக்குப் பிடித்தவரைத் தனி நடுவராக நியமிக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் இதை 2019இல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் ஒருதலைப்பட்ச நியமனம் சட்டம் கேட்கும் சமத்துவத்துக்கு விரோதம் என்று உறுதி செய்தது. ஆகவே நோட்டீஸ் வந்த வாரத்திலேயே நடுவருக்கும் கம்பெனிக்கும் எழுதுங்கள்: 'உங்கள் நியமனத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. 12ஆவது பிரிவின் 5ஆம் உட்பிரிவின்படி ஆட்சேபிக்கிறேன். ஆறாம் அட்டவணைப் படிவத்தையும், கடன் ஒப்பந்த நகலையும், முழுக் கணக்கு விவரத்தையும் அனுப்பவும்.' இந்த ஆட்சேபணையைப் பதிலுரை கொடுப்பதற்கு முன்போ அதோடு சேர்த்தோ வைத்துவிட வேண்டும்.

ஒரு காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தகராறு வந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால், தகுதியில்லாத நடுவரும் நீடிக்கலாம் என்று அதே உட்பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. 'ஜாயின்ட் மெமோ, சும்மா ஒரு கையெழுத்து' என்று கலெக்ஷன் ஏஜென்ட் நீட்டுவது அதற்காக இருக்கலாம். படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். வெறுமனே விசாரணையில் கலந்துகொள்வது எழுத்துச் சம்மதம் ஆகாது.

ஆட்சேபணையால் கடன் கரைந்துவிடாது. அபராத வட்டி எவ்வளவு போட்டிருக்கிறார்கள், நீங்கள் கட்டிய தவணைகள் எல்லாம் வரவு வைக்கப்பட்டிருக்கின்றனவா, காரை எடுத்து விற்றிருந்தால் உங்களுக்குத் தெரிவித்துவிட்டு விற்றார்களா, என்ன விலைக்கு என்பதையெல்லாம் கணக்குப் பார்த்துக் கேள்வி எழுப்புங்கள். நியமனம் நிற்காது என்று தெரிந்தால் கம்பெனி உயர் நீதிமன்றம் போய் நடுநிலையான ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கும். அந்தச் செலவை யோசித்துப் பேச்சுக்கு இறங்கி வருவதும் உண்டு. தவணை மாற்றித் தர ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள்.

தீர்ப்பு ஏற்கனவே வந்துவிட்டதென்றால், கையெழுத்திட்ட பிரதி கைக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் 34ஆவது பிரிவில் மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாளைக்கூட மன்னிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. வீடு மாறியிருந்தால் புதிய முகவரியைக் கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் போன பதிவுத் தபாலே உங்களுக்குக் கிடைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பம்ப் செட்டுக்கு வார்ப்பு உதிரிகள் செய்து கொடுக்கிறோம். ஒரு பெரிய கம்பெனி 18 லட்சம் பாக்கி. பர்ச்சேஸ் ஆர்டரில், 'ஆர்பிட்ரேஷன் மும்பையில்' என்று இருக்கிறது. மும்பை வக்கீலைப் பிடிக்க வேண்டுமா?
– சிறு தொழில்முனைவோர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் உங்கள் உதயம் பதிவை (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பாருங்கள். குறு அல்லது சிறு நிறுவனமாக, சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு செய்திருந்தால் மும்பைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) மேம்பாட்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி, சரக்குக் கொடுத்தவர் இருக்கும் இடத்தின் வசதி மன்றத்தில் (பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் அரசு அமைப்பு) மனு போடலாம். உங்களுக்குக் கோவையிலேயே மன்றம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு ஆர்பிட்ரேஷன் இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதில் உங்களுக்குச் சாதகமானவை இரண்டு. ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்கு மேல் பணம் நிற்கக் கூடாது. நின்றால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டியாக ஏறும். அடுத்து, மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் வாதாட முடியும்.

மனுவோடு பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், இ-வே பில், சரக்குப் பெற்றுக்கொண்ட கையெழுத்து, கம்பெனி தன் ஜிஎஸ்டி கணக்கில் உங்கள் இன்வாய்ஸுக்கு வரி வரவு எடுத்துக்கொண்ட விவரம் ஆகியவை இருக்கட்டும். 'சரக்கு சரியில்லை' என்று கம்பெனி தாமதமாகச் சொல்லும் சாக்குக்கு இவைதான் பதில். சமரசம் பேசும் முதல் கட்டத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அது தோல்வியடைந்து ஆர்பிட்ரேஷனாக மாறும்போது வக்கீலை அமர்த்துங்கள். நீங்கள் வெறும் வியாபாரியாக வாங்கி விற்றவராக இருந்தால் இந்த வழி சிக்கலாகும்.

கேள்வி: வாடகைக்கு விட்ட வீட்டைக் காலி செய்ய மறுக்கிறார்கள். அக்ரிமென்டில் ஆர்பிட்ரேஷன் என்று இருக்கிறது. பயன்படுமா?
– வாசகி, மதுரை

பதில்: பயன்படாது. இதற்கென 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டமும் அதன் வாடகை நீதிமன்றமும் இருப்பதால் அங்கேதான் போக வேண்டும். பில்டரிடம் ஃபிளாட் வாங்கி ஏமாந்தவர்களும் ஆர்பிட்ரேஷன் வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த வரி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: 35 லட்சத்துக்கு வீடு கட்ட மேஸ்திரியுடன் ஒப்பந்தம் போடப் போகிறேன். ஆர்பிட்ரேஷன் பத்தியை எப்படி எழுத வேண்டும்? தமிழில் விசாரணை நடத்த முடியுமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: தகராறு வருவதற்கு முன்பே கேட்கிறீர்கள், வக்கீலுக்குக் குறைந்த செலவில் நிறையப் பயன் கிடைப்பது இந்தக் கட்டத்தில்தான். தமிழில் தாராளமாக நடத்தலாம். மொழியைத் தரப்பினரே முடிவு செய்துகொள்ள 22ஆவது பிரிவு இடம் தருகிறது. பின்னால் உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால் ஆங்கில மொழிபெயர்ப்புச் செலவு ஒன்று வரும், அவ்வளவுதான். ஒரு மாதிரிப் பத்தி:

'இந்த ஒப்பந்தத்தால் எழும் எந்தத் தகராறும், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரே நடுவரால் 1996ஆம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் மற்றும் சமரசச் சட்டப்படி தீர்க்கப்படும். கோரிக்கை கிடைத்த 30 நாளில் சம்மதம் ஏற்படாவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மூலம் நடுவர் நியமிக்கப்படுவார். ஆர்பிட்ரேஷனின் சட்டபூர்வ இருப்பிடம் நாமக்கல். மொழி தமிழ். நடுவரின் கட்டணம் நான்காம் அட்டவணைப்படி.'

'தேவைப்பட்டால் ஆர்பிட்ரேஷனுக்குப் போகலாம்' என்று எழுதினால் யாருக்கும் கட்டாயம் இல்லை. 'தீர்க்கப்படும்' என்றே எழுதுங்கள். ஆளுக்கொருவராக இரண்டு நடுவர் என்று எழுதாதீர்கள். நடுவர்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கக் கூடாது. சட்டபூர்வ இருப்பிடம் எந்த ஊரோ அந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம் என்பதால், எதிர்த்தரப்பு அச்சடித்துத் தரும் தாளில் வேறு ஊர்ப் பெயர் இருந்தால் அடித்துத் திருத்தி இருவரும் கையெழுத்திடுங்கள். 'தகராறு செலவு முழுவதும் ஒரு தரப்புடையது' என்று இப்போதே எழுதினால் அது செல்லாது. தகராறு வந்த பிறகு ஒத்துக்கொண்டால்தான் செல்லும். முத்திரைத்தாளில் மிச்சம் பிடிக்காதீர்கள். முத்திரைக் கட்டணம் கட்டாத ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது, குறையைச் சரி செய்யலாம் என்று 2023 டிசம்பரில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னாலும், அபராதத்தோடு கட்டிய பிறகே வேலை நகரும்.

இன்னொன்று: வீடு கட்டும் தகராறுகள் பெரும்பாலும் அளவில்தான் வருகின்றன. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இருவரும் அளந்து, தேதி போட்டு, ஒரு நோட்டில் கையெழுத்திட்டு வைத்தால் நடுவரின் வேலை பாதியாகக் குறையும்.

கேள்வி: அப்பா சொத்தை ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் பிரித்துக் கொடுத்து எழுதியிருக்கிறார்கள். இது ஆர்பிட்ரேஷன் தீர்ப்பு ஆகுமா?
– வாசகர், சிவகங்கை

பதில்: பேசுவதற்கு முன், 'இவர்கள் மூவரின் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறோம்' என்று எல்லாப் பங்குதாரர்களும் முச்சலிக்கா (ஒப்புதல் பத்திரம்) எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் ஆகலாம். ஒரு சகோதரி கையெழுத்திடாவிட்டால் அது அவரைக் கட்டுப்படுத்தாது. மைனர் பங்கு இருந்தால் கூடுதல் கவனம் தேவை. நிலம், வீட்டில் உரிமையைப் பிரிக்கும் தீர்ப்பை முத்திரைத்தாளில் எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்வதற்கான 4 மாதக் கெடு முடிவதற்குள் பத்திரப்பதிவு தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள்.

கேள்வி: 22 லட்சத்துக்கு எனக்குச் சாதகமாக ஆர்பிட்ரேஷன் தீர்ப்பு வந்திருக்கிறது. எதிர்த்தரப்பு 'அப்பீல் போவோம்' என்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒப்பந்ததாரர், தூத்துக்குடி

பதில்: இன்றைக்கே தீர்ப்பை வரி வரியாகப் படியுங்கள். கூட்டலில் பிழை, விட்டுப்போன வட்டி, தப்பான தேதி இருந்தால் பிரதி கிடைத்த 30 நாளுக்குள் நடுவரிடமே திருத்தம் கேட்கலாம். அதை விட்டுவிட்டால் எதிர்த்தரப்புக்கு நீங்களே ஒரு பிடி கொடுத்ததாகும். தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி பற்றி நடுவர் ஒன்றும் சொல்லாவிட்டால், தீர்ப்பு நாளில் நடப்பில் உள்ள வட்டி விகிதத்தைவிட 2 சதவீதம் கூடுதலாகச் சட்டமே தருகிறது.

எதிர்த்தரப்பு சொல்வது அப்பீல் அல்ல. 34ஆவது பிரிவில் கோர்ட் சாட்சியத்தை மறுபடி எடை போடாது. நோட்டீஸ் சரியாகக் கொடுக்கப்பட்டதா, நடுவர் முறையாக நியமிக்கப்பட்டாரா, ஒப்பந்தத்துக்கு வெளியே போய்த் தீர்ப்பளித்தாரா என்பது போன்ற சில காரணங்களை மட்டுமே பார்க்கும். கோர்ட் குறிப்பிட்ட சில வரம்புக்குள் தீர்ப்பைத் திருத்தவும் செய்யலாம் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

முன்பு மனு போட்டாலே தீர்ப்பு நிறைவேறுவது தானாக நின்றுவிடும். 2015 திருத்தத்துக்குப் பிறகு அப்படி இல்லை. தனியாகத் தடை கேட்க வேண்டும். அப்போது உங்கள் வக்கீல் எழுந்து, தீர்ப்புத் தொகையைக் கோர்ட்டில் கட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டும். அதற்காக முன்கூட்டியே அந்தக் கோர்ட்டில் கேவியட் (எங்களைக் கேட்காமல் தடை தரக் கூடாது என்ற முன்மனு) போட்டு வையுங்கள். 3 மாதக் கெடு முடிந்து, தடையும் இல்லை என்றால், எதிர்த்தரப்பின் சொத்து எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டில் நேரடியாக நிறைவேற்று மனு போடலாம். நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் இருந்தாலும், அந்தக் காலத்துக்குள் சொத்து கைமாறிப் போகும். இந்த 3 மாதத்திலேயே அவர்களுடைய நிலங்களுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, வங்கிக் கணக்கு எண்களை உங்களுக்கு வந்த பழைய காசோலைகளிலிருந்து குறித்து, அவர்களுக்கு யார் யார் பணம் தர வேண்டியிருக்கிறது என்பதையும் விசாரித்து வையுங்கள்.